களி, மாம்பழம், குளுக்கோமீட்டர்: இரண்டு வருஷத்துக்குப் பிறகு

சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. மாத்திரைக்கு நான் அலைந்ததில்லை. வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் ஊருக்கும் ஒரு அக்கா மாத்திரையோடு வருகிறார். ஆனால் என் சாப்பாட்டை மாற்றியது விரலைக் குத்திச் சர்க்கரை அளவு பார்க்க வீட்டில் வாங்கி வைத்த குளுக்கோமீட்டர்தான்.

எங்கள் பக்கம் சர்க்கரை வந்தவருக்கு எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "சோத்த விட்டுட்டு களி தின்னு, ஒண்ணும் ஆவாது." நானும் மூன்று வேளை கேழ்வரகுக் களிக்குத் தயாராகத்தான் இருந்தேன். பெரிய உருண்டை ஒன்றைக் குழம்போடு சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மீட்டர் 230ஐ ஒட்டி நின்றது. டாக்டர் எனக்குச் சொன்ன அளவு 180க்குள். யோசித்தால் புரிகிறது. நூறு கிராம் கேழ்வரகில் எழுபது கிராமை ஒட்டி மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவு சீக்கிரமே செரித்துவிடும். எங்கள் வீட்டுக் களியில் அரிசி நொய் வேறு சேரும். நார்ச்சத்து, சுண்ணாம்புச்சத்து எல்லாம் உண்மை, கேழ்வரகு நல்ல தானியம்தான். அளவுதான் விஷயம். இப்போது பாதி உருண்டை, தட்டு நிறையக் கீரைக் கடைசல், கூடவே கொள்ளோ அவரையோ. அப்புறம் தெருவில் ஒரு நடை. பெரும்பாலும் 160, 170ல் நிற்கிறது. களியை விடச் சொல்லியிருந்தால் எனக்கு மனசே விட்டிருக்கும்.

மாம்பழ சீசனில் ஒன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பெரியப்பா மண்டியில் செந்தூராவைத் தரம் பிரித்துவிட்டு வந்து விரலைக் குத்தினார், 290 காட்டியது. வீடே பதறிப் போனது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துப் பார்த்தால் 150தான். விரலில் ஒட்டிய பழச்சாறும் ரத்தத்தோடு சேர்ந்துவிடுகிறது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் அது போகாது, தண்ணீர் வேண்டும். மற்றபடி நான் சாப்பாட்டுக்குப் பின் பழம் தின்பதில்லை. சாயங்காலம் தனியாக இரண்டு துண்டு, அவ்வளவுதான்.

வாங்குபவர்கள் மெஷின் விலையைப் பார்க்காதீர்கள், ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப் விலையைப் பாருங்கள். செலவு அதில்தான். ஸ்ட்ரிப் டப்பாவை இறுக்க மூடி, வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள், ஃபிரிட்ஜ் வேண்டாம். லேப் அளவோடு பதினைந்து சதவீதம் வரை முன்பின் இருக்கலாம், அதற்குப் பயப்படாதீர்கள். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. மீட்டர் நல்ல எண் காட்டுகிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த எண் மாத்திரையையும் சேர்த்துத்தான் வருகிறது. மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை லேபில்தான் எடுக்க வேண்டும். எழுதி வைத்த நோட்டை அதோடு டாக்டரிடம் கொண்டு போங்கள், எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறியது என்று அவருக்கும் தெரியும்.