திருவண்ணாமலை ரமணாஸ்ரமம்: வேலூர்லேர்ந்து ஒரே நாள்ல போய்ட்டு வர நெனைக்கறவங்களுக்கு ஒரு ரிவியூ

ஹோட்டலுக்கு ஸ்டார் போடற மாதிரி ஆஸ்ரமத்துக்கு ஸ்டார் போட கொஞ்சம் கூச்சமா இருக்கு, அதனால ஸ்டாரை வுட்டுட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருந்துகினு வருஷா வருஷம் கிரிவலம் போறவங்க எத்தனையோ பேரு, செங்கம் ரோட்டுல அந்த ஆஸ்ரம கேட்டைத் தாண்டியே நடந்திருப்பாங்க, ஆனா உள்ள கால் வெச்சிருக்க மாட்டாங்க. கேட்டா "அது வெள்ளக்காரங்க போற எடம்பா"ன்னு சொல்லுவாங்க. அவங்களுக்காகத்தான் இது.

எந்த மூடுல போனேன்னும் சொல்லிடணும், ரிவியூவே அதைப் பொறுத்துதான் இருக்கு. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி நம்ம ஊர்லயே ஒரு மண்டபத்துல வீக்கெண்ட் கேம்ப் ஒண்ணு போயிருந்தேன், யாரு நடத்துனதுன்னு பேரெல்லாம் வேணாம், அகங்காரத்தைக் கரைக்கறோம்னு வாசல்ல ஆளுயரத்துக்கு பேனர். உள்ள போனா டிக்கெட்டே மூணு ரேட்டு, மொத வரிசைக்காரங்களுக்குத் தனி கலர்ல பேட்ஜ், குருஜி கூட நின்னு போட்டோ எடுத்துக்க வேற டோக்கன். சின்ன வயசுல அப்பா அடிச்சது, வாத்தியாரு முட்டி போட வெச்சது, பக்கத்து வூட்டுப் பையனோட கம்பேர் பண்ணது எல்லாத்தையும் நோட்டுல எழுதச் சொன்னாங்க, அதான் நம்ம கண்டிஷனிங்காம், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல மண்டபமே மூக்கைச் சிந்திகினு இருந்துச்சு, அந்த நேரம் பாத்து அட்வான்ஸ்டு லெவல் பாரத்தை நீட்டுனாங்க பாருங்க, டைமிங்னா அது டைமிங். நியாயமா ஒண்ணு சொல்லணும், கரண்ட் போனப்ப ஒரு அரை மணி நேரம் கண்ணை மூடிகினு ஜெனரேட்டர் சத்தத்தை மட்டும் கவனிக்கச் சொன்னாங்க, அது உண்மையிலயே நல்லா இருந்துச்சு. ஆனா அதுக்கு ஜெனரேட்டரே போதுமே.

அந்தக் கடுப்போடதான் எங்க மாமாவக் கூட்டிகினு திருவண்ணாமலை போனேன். மாமா ராணிப்பேட்டை பெல்லுல வேலை பாத்து ரிடையர் ஆனவரு, எதுக்கும் ரசீது கேக்கற ஆளு. கண்ணமங்கலம், போளூர் வழியா பஸ்ஸுல போனா ரெண்டு மணி நேரம் சொச்சம், ரோட்டைப் பொறுத்து முன்ன பின்ன ஆகும். ரயிலும் இருக்கு, கன்டோன்மென்ட்ல ஏறுனா ஆரணி ரோடு, போளூர் தாண்டி திருவண்ணாமலை, டைம் ஒத்து வந்தா அதுதான் சுகம். இதே காட்பாடி விழுப்புரம் லைன்லதான் 1896 செப்டம்பர் 1ம் தேதி காலையில, பின்னாடி ரமண மகரிஷி ஆன வெங்கட்ராமன்னு ஒரு பதினாறு வயசுப் பையன் வந்து எறங்குனான், என்ன நமக்கு எதிர்ப் பக்கத்துலேர்ந்து வந்தான். மதுரைலேர்ந்து கெளம்புனவன், விழுப்புரத்தோட கையில காசு தீந்து போச்சு, கொஞ்ச தூரம் ரயிலு, மீதிய நடந்து, கீழூர்ல ஒரு வீட்டுல கடுக்கனை அடகு வெச்சு நாலு ரூபா வாங்கித்தான் கடைசி டிக்கெட் எடுத்தான். வந்த அன்னிக்கே மொட்டை போட்டு, பூணூலை அறுத்துப் போட்டு, மிச்சம் இருந்த காசையும் கொளத்துல வுட்டெறிஞ்சவன், அதுக்கப்புறம் 1950 ஏப்ரல் 14ம் தேதி வரைக்கும், அம்பத்து மூணு வருஷத்துக்கு மேல, அந்த மலையை வுட்டு எங்கயும் போகல.

வெள்ளக்காரங்க எடம்னு சொல்றவங்களுக்கு இன்னொரு சேதி. அந்த வெள்ளக்காரங்கள்ல மொத ஆளே நம்ம வேலூர்லேர்ந்து போனவருதான். ஹம்ப்ரீஸ்னு ஒரு போலீஸ் ஆபீசரு, 1911ல வேலூருக்கு வந்தவரு, தெலுங்கு சொல்லிக் குடுக்க வந்த முன்ஷிகிட்ட 'உனக்கு இந்தப் பக்கம் மகாத்மா யாரையாச்சும் தெரியுமா'ன்னு நச்சரிச்சு, அந்த வருஷம் நவம்பர்ல மலை மேல ரமணர் இருந்த விரூபாக்ஷ குகைக்குப் போயிட்டாரு. கூடப் போனது காவ்யகண்ட கணபதி முனி, அவரும் வேலூர்ல பள்ளிக்கூடப் பண்டிதரா இருந்தவருதான், 1907ல 'ரமண மகரிஷி'ன்னு பேரு வெச்சதே அவருதான். ஹம்ப்ரீஸ் மறுபடி மோட்டார் சைக்கிள்லயே வெயில்ல போனாராம், அந்தக் காலத்து ரோட்டுல! உலகத்துக்கு நான் ஒதவ முடியுமான்னு அவரு கேட்டதுக்கு, மொதல்ல ஒனக்கு நீ ஒதவிக்கோ, அதுவே உலகத்துக்கு ஒதவி தான்னு ரமணர்கிட்டேர்ந்து பதில் வந்திருக்கு. கோட்டைக்குள்ள போறப்பல்லாம் போலீஸ் ட்ரெய்னிங் பக்கம் பாத்தா எனக்கு இப்ப அந்த ஆளு ஞாபகம்தான் வருது.

சரி, ஆஸ்ரமம். உள்ள போறதுக்கு டிக்கெட் கெடையாது, பேரு ஊரு எழுதற நோட்டு கெடையாது, நீ யாருன்னு ஒருத்தரும் கேக்கல. செருப்பை வுட்டுட்டு உள்ள போனா பெரிய சமாதி ஹால், அங்க சில பேரு கண்ணை மூடி உக்காந்திருப்பாங்க, சில பேரு சமாதியை விறுவிறுன்னு சுத்திகினு இருப்பாங்க, ரெண்டு கூட்டமும் ஒருத்தரை ஒருத்தர் கண்டுக்காது. நம்ம எடம் அது இல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கற பழைய ஹாலு. சின்ன ரூமுதான். ரமணர் சாஞ்சு உக்காந்துகினு இருந்த சோபா, அது மேல அவரு படம், எதிர்ல தரையில எடம் கெடைச்ச பக்கம் உக்காந்துக்க வேண்டியதுதான். நாங்க போனப்ப ஒரு பத்துப் பதினஞ்சு பேரு இருந்திருப்பாங்க. எனக்கு முன்னாடி ஒரு பெரியவரு தூங்கி விழுந்துகினு இருந்தாரு, ஒவ்வொரு தடவையும் தல தொங்கி, திடுக்குனு நிமிந்து, யாரு பாத்தாங்கன்னு சுத்தி ஒரு பார்வை பாத்துட்டு மறுபடி கண்ணை மூடுவாரு. கூரை மேல மயிலு ஒண்ணு கத்துச்சு பாருங்க, எனக்கே தூக்கி வாரிப் போட்டுச்சு. கால் மரத்துப் போச்சு, எலக்ட்ரிசிட்டி பில்லு கட்டலைன்னு ஞாபகம் வந்துச்சு, ஆபீஸ்ல ஒருத்தன் சொன்ன ஒரு வார்த்தைக்கு மூணு விதமா பதில் யோசிச்சு முடிச்சேன். ஞானம் ஒண்ணும் வரல. ஆனா இவ்ளோ சத்தம் உள்ள ஓடிகினு இருக்குன்னு எனக்குக் காட்டறதுக்கு அங்க மைக்கும் வேணாம், ஆளும் வேணாம்.

வெளிய வந்ததும் மாமா கேட்டாரு, "இன்னா மாப்ள, இவ்ளோ நேரம் குந்திகினு இருந்தோம், ஒருத்தரும் வந்து ஒண்ணுமே சொல்லலியே, எப்ப ஸ்டார்ட் பண்ணுவாங்க?"

"அவ்ளோதான் மாமா, இதான் ப்ரோக்ராம்."

"நெசமாவா?"ன்னாரு, கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு மறுபடி உள்ள போயிட்டாரு, நான் வெளிய காத்துகினு இருக்க வேண்டியதாப் போச்சு.

புக் ஸ்டால்ல 'நான் யார்?'னு ஒரு சின்ன புத்தகம் கெடைக்கும், ரெண்டு மூணு டீ காசு கூட வராது, பஸ்ஸுல போளூர் வர்றதுக்குள்ள படிச்சுடலாம், ஆனா அதுக்கப்புறம் பல மாசம் வெச்சுப் பாக்கணும். 1902 வாக்குல சிவப்பிரகாசம் பிள்ளைன்னு ரெவின்யூ டிபார்ட்மென்ட் ஆளு ஒருத்தரு மலை மேல வந்து கேட்ட கேள்விங்க. அப்ப ரமணர் பேசறதே இல்ல, பதிலை எழுதித்தான் காட்டியிருக்காரு. இதுல எனக்கு நெத்தியடியா பட்டது குப்பை விஷயம். கூட்டித் தள்ள வேண்டிய குப்பையை ஒக்காந்து ஆராய்ச்சி பண்றதுல இன்னா பிரயோஜனம்னு கேக்கறாரு. கேம்ப்ல நோட்டு நோட்டா எழுதுனது கண்ணு முன்னாடி வந்துச்சு! எந்த நெனப்பு வந்தாலும் அது பின்னாடி ஓடாம, இது யாருக்கு வருதுன்னு கேளு, எனக்குன்னு பதில் வரும், அந்த நான் யாருன்னு திரும்பு, இவ்ளோதான் மொத்த முறையும். அந்தக் கேள்வியையும் நீ புடிச்சுத் தொங்கிக்காத, பொணம் சுடற தடி மாதிரி கடைசியில அதுவும் எரிஞ்சு போயிடும்ங்கறாரு. இதைச் சொல்ல ஒரு ஆளுக்கு எவ்ளோ தைரியம் வேணும் பாருங்க, தான் குடுத்த மருந்தையும் சேத்துக் கொளுத்துன்னு சொல்றது. லெவல் 2, லெவல் 3ன்னு வெக்கறவங்களால இதைச் சொல்லவே முடியாது, பொழப்பு போயிடும்.

சாப்பாடு: மத்தியானம் பதினொன்னரை மணி வாக்குல. அதுக்கு முன்னாடியே சாதுங்களுக்கும் ஏழைங்களுக்கும் சாப்பாடு போடறாங்க, இது ரமணர் இருந்தப்பலேர்ந்து வர்ற பழக்கம். ஹால்ல தரையில வரிசையா உக்காரணும், இலை போட்டு, சோறு, சாம்பாரு, ரசம், மோரு, வாளியோட ஓடி ஓடிப் போடுவாங்க, நீங்க நிமிந்து வேணாம்னு சொல்றதுக்குள்ள ரெண்டாவது கரண்டி விழுந்திருக்கும். காரம் கம்மி, நம்ம ஆம்பூர் பக்கத்து நாக்குக்கு சப்புன்னுதான் இருக்கும். அவரே விடிகாலையில எந்திரிச்சு காய் நறுக்குனவரு, பந்தியில தனக்குன்னு ஒரு அப்பளம் கூட அதிகமா வெச்சா கோவிச்சுக்குவாராம். ஆனா ஒண்ணை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்துல இதே ஆஸ்ரமத்துப் பந்தியில பிராமணங்களுக்குத் தனி வரிசைன்னு இருந்ததை பக்தருங்களே எழுதி வெச்சிருக்காங்க. பூணூலை வந்த மொத நாளே தூக்கிப் போட்ட மனுஷன் நடுவுல குந்திகினு இருக்கறப்பவே சுத்தி உக்காந்தவங்க அந்தத் தனி வரிசையைப் புடிச்சுகினு இருந்திருக்காங்க. எனக்கு இது பெரிய உறுத்தல்தான், அவரு ஒரு அதட்டல் போட்டிருக்கலாமேன்னு இன்னிக்கும் தோணுது. பழக்கம்ங்கறது ஞானி பக்கத்துல உக்காந்தா தானா உதுந்துடாதுன்னு அதுலயே தெரியுது. இப்ப நாங்க போனப்ப எல்லாரும் ஒரே வரிசையிலதான் சாப்புட்டோம், எனக்கு ஒரு பக்கம் மாமா, இன்னொரு பக்கம் சாம்பாரை கையால பெசையத் தெரியாம தவிச்சுகினு இருந்த ஒரு வெளிநாட்டுப் பையன்.

குடியாத்தம்காரங்க ஒண்ணை மட்டும் பாக்காம வந்துடாதீங்க, பசு லட்சுமியோட சமாதி. குடியாத்தம் பக்கத்துல குமாரமங்கலம்னு ஊரு, அங்கேர்ந்து ஒரு பக்தரு 1926ல ஒரு பசுவையும் கன்னுக்குட்டியையும் கொண்டாந்து வுட்டாரு, அந்தக் கன்னுக்குட்டிதான் லட்சுமி. டைம் ஆனா தானா ஹாலுக்குள்ள வந்து ரமணர் எதிர்ல நிக்குமாம். 1948 ஜூன் 18ம் தேதி அது செத்தப்ப தலைய மடியில வெச்சுகினு இருந்திருக்காரு, அதுக்கு முக்தின்னு வெண்பாவும் எழுதிக் குடுத்திருக்காரு. பக்கத்துலயே மானு, காக்கா, நாய்க்கும் சமாதி இருக்கு. மாமா இங்கதான் ரொம்ப நேரம் நின்னாரு, அவங்க வூட்டுல மாடு வெச்சிருந்தவங்க.

கேட்டுக்கு வெளிய கதையே வேற. ரோட்டுல சுவரு பூரா போஸ்டரு, இந்த மாஸ்டரோட சத்சங்கம், அந்த அம்மாவோட மௌனம், இங்கிலீஷ்ல ஜெர்மன்ல எல்லாம். ரமணர் போறப்ப எனக்கப்புறம் இவருதான் குருன்னு யாரையும் உக்கார வெச்சுட்டுப் போகல, ஆஸ்ரமத்தை நடத்தறதை மட்டும் தம்பி கையில குடுத்தாரு, அவ்ளோதான். அந்தக் காலி நாற்காலிக்கு வெளிய எவ்ளோ போட்டி பாருங்க. எல்லாரும் டூப்புன்னு நான் சொல்ல வரல, எனக்கு அதை அளக்கற மெஷினும் இல்ல. நான் பாக்கறது ரெண்டே விஷயம்தான்: காசை எந்த எடத்துல கேக்கறாங்க, கேள்வி கேட்டா மூஞ்சி எப்படி மாறுது.

விபூதி, வேதம், தீபாராதனை எல்லாம் ஆவாதுங்கறவங்களுக்கு இங்க அதுவும் நெறைய இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன். சாயங்காலம் வேத பாராயணம், அப்புறம் தமிழ்ப் பாராயணம், தமிழ் எனக்குப் புடிச்சுது, ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம் உக்காந்து மாத்தி மாத்தி பாடுவாங்க. இதெல்லாம் ஒத்து வராதுன்னா சித்தூரு தாண்டி மதனப்பள்ளில பொறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி பக்கம் போலாம். தன்னை உலக குருவா ஆக்கறதுக்குன்னே வெச்சிருந்த அமைப்பை, 1929 ஆகஸ்ட் 3ம் தேதி ஹாலந்துல ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னாடி கலைச்சுட்டு, உண்மைக்கு ரோடு கெடையாதுன்னுட்டு எறங்கிப் போனவரு அவரு. எனக்கு அவரு பேச்சு மூளைக்கு ஏறுது, வயித்துக்கு எறங்கல, இது என் ஜீரண சக்தி சமாச்சாரம், உங்களுக்கு வேற மாதிரி இருக்கலாம்.

யாருக்கு இந்த எடம் செட் ஆவாது? பிரச்சனைக்கு இன்னா பரிகாரம்னு யாராச்சும் ஒக்காந்து சொல்லணும், தல மேல கை வெக்கணும்னு எதிர்பாக்கறவங்களுக்கு ஆவாது. மனசு ரொம்ப ஒடைஞ்சு போய், தூக்கம் இல்லாம இருக்கறவங்களும் மொதல்ல டாக்டரைப் பாருங்க, நம்ம ஊருல டாக்டருக்கா பஞ்சம், கண்ணை மூடி உக்காந்தா எல்லாருக்கும் எல்லா நேரத்துலயும் நல்லதுதான் நடக்கும்னு நான் நம்பல. சின்னப் பசங்களோட போனா பழைய ஹால் கஷ்டம், மயில் காட்டலாம், கொரங்கு கிட்ட மட்டும் ஜாக்கிரதை, கையில கவரு இருந்தா அது பழம்னு முடிவு பண்ணிடும்.

தங்கணும்னா முன்கூட்டியே எழுதிக் கேக்கணும், ரூமுக்கு வாடகைன்னு வாங்கறதில்ல, முடிஞ்சதை நீங்களா குடுக்கலாம், திடீர்னு பையோட போய் நின்னா கெடைக்காது. பௌர்ணமி, தீபம், டிசம்பர் ஜனவரியில வர்ற ரமண ஜெயந்தி நேரத்துல போனா உக்கார எடம் இருக்காது, ஆட்டோக்காரங்களும் வாய்க்கு வந்த ரேட்டு சொல்லுவாங்க, ஊருக்குள்ளேர்ந்து ஆஸ்ரமம் ரெண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், ஷேர் ஆட்டோ பாத்துக்கோங்க. வார நாள்ல காலை மொத பஸ்ஸைப் புடிங்க. பழைய ஹாலை மதியம் கொஞ்ச நேரம் மூடிடறாங்க, அதனால வெயிலுக்கு முன்னாடியே பின்பக்கக் கேட்டு வழியா மலை மேல இருக்கற ஸ்கந்தாஸ்ரமம் ஏறிட்டு வந்துடுங்க, கல்லு பாவுன பாதைதான், முட்டி வலி உள்ளவங்க மெதுவா ஏறலாம், மேலேர்ந்து பெரிய கோயில் மொத்தமும் தெரியும். தண்ணி பாட்டில் எடுத்துகினு போங்க, மேல கடை கெடையாது.