பணம், வங்கி, நிதிச் சந்தை: திருகோணமலையில் ஓர் அறிமுகப் பாடநெறி எப்படி இருக்கிறது?

வெளிவாரியாக வணிக இளமாணி படிப்பவர்களுக்காகத் திருகோணமலை நகரில் சனிக்கிழமைகளில் நடக்கும் பாடநெறி இது. 15 வாரம், வாரத்துக்கு 3 மணித்தியாலம், மொத்தம் 45 மணித்தியாலம். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தவர்களுக்கு முதல் இரண்டு வாரமும் பழகிய பாதைதான்: பண்டமாற்றின் இடர்ப்பாடுகள், பணத்தின் தொழில்கள், நிதி முறைமையில் யார் சேமிக்கிறார், யார் கடன் வாங்குகிறார் என்பவை. கலைப்பிரிவிலிருந்து வருகிறவர்கள் அந்த இரண்டு வாரத்தையும் தவறவிடக் கூடாது. மூன்றாம் வாரம் வேகம் சட்டென்று கூடிவிடும்.

எங்கள் கணிப்பு இதுதான்: பேனாவைப் பிடித்துக் கணக்கு எழுதவைக்கும் வாரங்கள் மிக நன்று. வரைவிலக்கணத்தை ஒப்புவிக்கவைக்கும் வாரங்கள் பலவீனமானவை, சிலவற்றில் காலாவதியான தகவலும் உண்டு. சேரலாம். ஆனால் எதை இங்கே படிப்பது, எதை வெளியே தேடிக்கொள்வது என்று தெரிந்துகொண்டு சேருவது நல்லது.

பாடநெறியின் உயிர்நாடி மூன்றாம், நான்காம் வாரங்களில் வரும் வங்கி ஐந்தொகை, அதாவது சொத்தை ஒரு பக்கமும் பொறுப்பை மறுபக்கமும் எழுதும் கணக்கு. கிண்ணியாவில் ஒருவர் படகு இயந்திரம் வாங்க 5 இலட்சம் ரூபா கடன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி பெட்டகத்தைத் திறந்து வேறு யாரோ போட்ட காசை எண்ணி எடுத்துக் கொடுப்பதில்லை. சொத்துப் பக்கத்தில் ‘கடன் 5 இலட்சம்’ என்றும், பொறுப்புப் பக்கத்தில் அவருடைய கணக்கில் ‘வைப்பு 5 இலட்சம்’ என்றும் ஒரே நேரத்தில் இரண்டு பதிவு எழுதுகிறது. வைப்பும் பணம்தான் என்பதால், அந்தப் பதிவிலேயே புதுப்பணம் பிறந்துவிட்டது. அடுத்தநாள் அவர் இயந்திரக் கடைக்குக் காசோலை கொடுக்கிறார், கடையின் கணக்கு வேறு வங்கியில் இருக்கிறது. இப்போது முதல் வங்கியின் வைப்பு 5 இலட்சத்தால் குறைகிறது, மத்திய வங்கியில் அது வைத்திருக்கும் மீதியும் அதே அளவு குறைகிறது. இரண்டாவது வங்கியில் இரண்டுமே கூடுகின்றன. நாட்டின் மொத்தப் பணம் மாறவில்லை. கடனைக் கட்டி முடிக்கும்போது அந்தப் பணம் மறைந்துவிடுகிறது.

இந்த நான்கு படிகளையும் ஒவ்வொரு மாணவரும் தன் கையால் எழுதவேண்டும் என்று விரிவுரையில் வற்புறுத்துகிறார்கள். அது மிகச் சரி. இங்கே அதிகம் நிகழும் பிழை, வைப்பைச் சொத்துப் பக்கத்தில் போடுவது. வாடிக்கையாளருக்கு வைப்பு சொத்து, வங்கிக்கு அது பொறுப்பு. வாடிக்கையாளரின் ஐந்தொகையையும் வங்கியின் ஐந்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் இந்தக் குழப்பம் அரை மணித்தியாலத்தில் தீரும். தனியாக வங்கியுடையதை மட்டும் வரைந்தால் பரீட்சை மண்டபம் வரைக்கும் கூடவரும்.

இப்படி அருமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆறாம் வாரத்தில் பணப்பெருக்கி (ஒரு ரூபா ஒதுக்கை வைத்து எத்தனை ரூபா வைப்பு உருவாகலாம் என்ற எண்) வரும்போது பாடநெறி முன்னுக்குப் பின் முரணாகிறது. ரியூட்டில், அதாவது வகுப்பில் தரும் பாடக்குறிப்பில், இருப்பது பழைய வாய்ப்பாடு: 1ஐ ஒதுக்கு விகிதத்தால் வகுத்தால் பெருக்கி வரும். நியதி ஒதுக்கு விகிதம் (வங்கிகள் தம் வைப்பில் மத்திய வங்கியிடம் கட்டாயம் வைக்கவேண்டிய பங்கு) 2023 ஓகஸ்டில் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வாய்ப்பாட்டின்படி பெருக்கி 25இலிருந்து 50 ஆகியிருக்கவேண்டும், வங்கிக் கடன்களும் இரட்டித்திருக்கவேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. கடன் கேட்டு வருகிறவர் இருக்கவேண்டும், வட்டி அவருக்குக் கட்டுப்படியாகவேண்டும், வங்கியின் மூலதனம் அந்த இடரைத் தாங்கவேண்டும். இவைதான் கடனின் எல்லை. மக்கள் கையில் வைத்திருக்கும் நாணயத்தாளும், வங்கிகள் தேவைக்கு மேல் வைத்திருக்கும் ஒதுக்கும் வாய்ப்பாட்டில் இல்லவே இல்லை. பரீட்சைக்கு வாய்ப்பாடு தேவை, எழுதுங்கள். எழுதியபின் ‘இது உச்ச எல்லை மட்டுமே’ என்று ஒரு வரி சேருங்கள். மூன்றாம் வாரத்துப் பாடத்தோடு அது அப்போதுதான் பொருந்தும்.

ஏழிலிருந்து ஒன்பதாம் வாரம் வரை வட்டி வீதமும் முறிகளின் (நீண்டகாலக் கடன் பத்திரங்களின்) விலையும். கட்டிய காசுக்கு முழுப் பெறுமதி இந்த மூன்று வாரத்தில் கிடைக்கும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். எங்கள் ஊரில் உண்டியல் என்றால் கோயில் வாசலில் இருப்பது, அல்லது வெளிநாட்டிலிருந்து வங்கிவழி அல்லாமல் காசு அனுப்பும் முறை. திறைசேரி உண்டியல் முற்றிலும் வேறு: அரசாங்கம் 91, 182, 364 நாட்களுக்கு வாங்கும் குறுங்காலக் கடன். கழிவு விலையில் விற்று, முதிர்வில் முகப்பெறுமதியைக் கொடுக்கும். இடையில் வட்டிக் கொடுப்பனவு இல்லை. விரிவுரையில் இந்த வேறுபாட்டை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறார்கள்.

கணக்கு இப்படி: 1 இலட்சம் ரூபா முகப்பெறுமதியுள்ள 364 நாள் உண்டியல், விளைவு (போட்ட முதலுக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் வருமான வீதம்) 8 சதவீதம். வகுப்பில் 364 நாளை ஓர் ஆண்டாகவே எடுக்கிறார்கள். 100,000ஐ 1.08ஆல் வகுத்தால் விலை 92,593 ரூபா. கழிவு 7,407 ரூபா. இதை முகப்பெறுமதியால் வகுத்து 7.4 சதவீதம் என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் உண்டு. போட்ட முதல் 92,593 என்பதால் அதனால்தான் வகுக்கவேண்டும், அப்போதுதான் 8 வரும். 2022இல் இந்த விளைவு 30 சதவீதத்தையும் தாண்டிப் போனது. 30இல் அதே உண்டியலின் விலை 76,923 ரூபா. அரசாங்கம் 1 இலட்சத்தைத் திருப்பிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு கையில் பெற்றது முக்கால் இலட்சத்துக்குச் சற்றுக் கூடுதல் மட்டும்தான். நெருக்கடி என்ற சொல்லின் கனம் இந்த ஒரு கணக்கில் புரிந்துவிடும்.

முறிக் கணக்கு இன்னும் பயனுள்ளது. 5 ஆண்டு முறி, ஆண்டுக்கு 10 சதவீத வட்டி, முகப்பெறுமதி 1 இலட்சம். சந்தை விளைவு 10 ஆக இருக்கும்வரை விலையும் 1 இலட்சம். விளைவு 12 ஆனால் விலை 92,790. விளைவு 8 ஆனால் 107,985. இரண்டு புள்ளி ஏறும்போது நட்டம் 7,210, இரண்டு புள்ளி இறங்கும்போது இலாபம் 7,985. இரண்டும் சமமில்லை என்பதைக் கவனியுங்கள். அதே முறிக்கு ஓர் ஆண்டு மட்டுமே மீதமிருந்தால் 12 சதவீதத்தில் விலை 98,214. காலம் நீள நீள அடி பலமாக விழும். ‘வட்டி ஏறினால் முறி விலை இறங்கும்’ என்று பாடமாக்கியவருக்கு இந்தக் கடைசி வரி தெரியாது, கணக்குப் போட்டவருக்குத் தெரியும். 2023 மார்ச்சில் அமெரிக்காவில் சிலிக்கன் வேலி வங்கி விழுந்ததன் பின்னணியும் இதே கணக்குத்தான்: நீண்டகால முறிகளை வைத்திருந்தது, வட்டி ஏறியது, வைப்பாளர்கள் காசைக் கேட்டபோது நட்டத்தில் விற்கவேண்டி வந்தது. ரியூட்டில் அந்த உதாரணம் அரைப் பக்கத்துக்கு இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

முறி ஏலம் பற்றிய பகுதியில் 2015 பெப்ரவரி 27ஆம் திகதி ஏலத்தை எடுத்துப் பேசுகிறார்கள். 30 ஆண்டு முறிக்கு 1 பில்லியன் ரூபா கோரிவிட்டு 10 பில்லியனுக்கு மேல் ஏற்றுக்கொண்டால் வெட்டு விளைவுக்கு (ஏற்றுக்கொண்ட ஏலக்கேள்விகளில் மிகக் கூடிய விளைவுக்கு) என்ன ஆகும் என்று வரைந்து காட்டுவது நல்ல பயிற்சி. ஏலக்கேள்விகளைக் குறைந்த விளைவிலிருந்து கூடிய விளைவுக்கு அடுக்கிக்கொண்டு போனால், ஏற்கும் தொகை கூடக் கூட விளைவு படியேறுவது கண்ணுக்குத் தெரியும்.

பத்தாம் வாரம், மத்திய வங்கி. இங்கேதான் எங்கள் பெரிய முறைப்பாடு. ரியூட் இன்னும் 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணயச் சட்டத்தையும் அதன்கீழ் மத்திய வங்கியை நடத்திய நாணயச் சபையையும் வைத்துக்கொண்டு நிற்கிறது. 1950இல் வங்கி தொடங்கிய கதைக்கு அது சரி. ஆனால் 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அவ்வாண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. நாணயச் சபையின் இடத்தில் இன்று ஆளும் சபை, நாணயக் கொள்கைச் சபை என்று இரண்டு இருக்கின்றன. மத்திய வங்கி திறைசேரியிடமிருந்து நேரடியாக உண்டியலும் முறியும் வாங்குவதை, பேச்சுவழக்கில் காசு அச்சடிப்பதை, புதிய சட்டம் தடுக்கிறது. பணவீக்க இலக்கு 5 சதவீதம். காசு அச்சடித்த கதையை ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு, அதை நிறுத்துவதற்கு வந்த சட்டத்தைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை.

மத்திய வங்கி வட்டியின் போக்கைக் காட்ட அறிவிக்கும் கொள்கை வீதமும் அப்படியே. துணைநில் வைப்பு வசதி (வங்கிகள் மத்திய வங்கியில் ஓரிரவுக்குக் காசு வைப்பது), துணைநில் கடன்வழங்கல் வசதி (அதனிடம் ஓரிரவுக்குக் கடன் வாங்குவது) என்ற இரண்டின் வீதங்களையுமே கொள்கை வீதமாகப் படிப்பிக்கிறார்கள். 2024 நவம்பரில் ஓரிரவு கொள்கை வீதம் என்ற ஒற்றை வீதம் 8 சதவீதத்தில் அறிமுகமானது, 2025 மே மாதத்தில் 7.75 ஆகக் குறைக்கப்பட்டது. பழைய இரண்டும் மறையவில்லை. புதிய வீதத்துக்கு அரைப் புள்ளி கீழேயும் அரைப் புள்ளி மேலேயும் நிற்கும் தளமும் கூரையும் ஆகிவிட்டன. 2022 ஏப்ரலில் கொள்கை வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியதும், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் அந்த செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டதும், பின்னர் இறங்கியதும் வகுப்பில் வரிசையாக வரவேண்டியவை. வரைபடம் ஒன்றுகூட ரியூட்டில் இல்லை. மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அதன் வெளியீடுகள் தமிழிலும் வருகின்றன. ஒரு வகுப்பை அவற்றை வாசிப்பதற்கே ஒதுக்கியிருக்கலாம்.

பங்குச் சந்தைக்கு இரண்டு வாரம். உதாரணங்களைத் தெரிந்தெடுத்த விதம் பாராட்டுக்குரியது. கண்ணெதிரே தொழிற்சாலை தெரிகிற டோக்கியோ சீமெந்து கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி. வாக்குரிமை உள்ள பங்கு, வாக்குரிமை இல்லாத பங்கு என்று இரண்டு வகை அதற்கு உண்டு. கம்பனி ஒன்றே, பங்காளர் பொதுக்கூட்டத்தில் உரிமை வேறு, அதனால் விலையும் வேறு. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளை நடத்தும் லங்கா ஐஓசியும் பட்டியலிட்ட கம்பனிதான். மாவரைக்கும் பிரீமா ஆலை பெரியது, ஆனால் அதன் பங்கைச் சந்தையில் வாங்க முடியாது. பெரிய கம்பனி வேறு, பட்டியலிட்ட கம்பனி வேறு என்பதை இந்த மூன்றையும் வைத்து விளக்குகிறார்கள். பேருந்தில் போகும்போதும் நினைவுக்கு வரும் பாடம்.

மத்திய வைப்புக் கணக்கை (வாங்கிய பங்குகள் இலத்திரனியல் வடிவில் இருக்கும் கணக்கை) கைபேசிச் செயலிவழி திறக்கும் படிகளும் காட்டப்படுகின்றன. கொடுக்கல்வாங்கல் நாளுக்குப் பின் 2 வேலைநாளில் தீர்ப்பனவு என்பதும் சொல்லப்படுகிறது. விடுபடுவது செலவு. வாங்கும்போது ஏறத்தாழ 1.12 சதவீதம், விற்கும்போது இன்னொரு 1.12. விலை இரண்டேகால் சதவீதமாவது ஏறாமல் இலாபம் என்ற பேச்சே இல்லை. நாளுக்கு நாள் வாங்கி விற்க ஆசைப்படும் மாணவனுக்கு இதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

பாடவிதானத்தில் இல்லாத ஒன்றுக்காக அதைக் குறைசொல்வது நியாயமா என்று கேட்கலாம். ஆனாலும் இது திருகோணமலை. மூதூரிலும் தம்பலகாமத்திலும் ஒரு குடும்பம் முதலில் சந்திக்கும் நிதிச் சந்தை நகை அடகும் தவணைக் கடனும்தான். தவணைக் கடனில் 24 சதவீதம் என்று சொன்னால் பெரும்பாலும் அது முழு முதலுக்கும் நிலையாகக் கணக்கிட்ட வட்டி. 1 இலட்சம் கடன், 12 மாதம், வட்டி 24,000, மாதத் தவணை 10,333 ரூபா. மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே போக, வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் மாதம் ஏறத்தாழ 3.5 சதவீதம், ஆண்டுக்கு 41.7. கூட்டுவட்டியாகப் பார்த்தால் 50ஐயும் தாண்டும். எக்செல்லில் ‘ரேட்’ என்ற சூத்திரத்தில் தவணை எண்ணிக்கை 12, தவணைத் தொகை கழித்தல் 10,333, கடன் 100,000 என்று கொடுத்தால் ஒரு நொடியில் விடை வரும். கழித்தல் குறியை விட்டால் பிழைச்செய்தி வரும். ஏழாம் வாரத்து முறிக் கணக்கைத் தெரிந்தவருக்கு இது அரை மணித்தியாலப் பாடம். அதைக்கூட இணைக்காமல் விட்டிருப்பது வருத்தம் தருகிறது.

வைப்புக் காப்புறுதியும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான் பாதுகாப்பு. அந்த எல்லை 6 இலட்சமாக இருந்த 2020 மே மாதத்தில்தான் த ஃபினான்ஸ் கம்பனி என்ற நிதிக் கம்பனியின் உரிமம் நீக்கப்பட்டது. வங்கி, நிதிக் கம்பனி இரண்டுக்கும் வாசல் பலகை ஒரேமாதிரித் தெரியும். உரிமப் பட்டியலை மத்திய வங்கி இணையத்தளத்தில் பார்த்துவிட்டுத்தான் காசு போடவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அறிமுகப் பாடநெறியைவிடப் பொருத்தமான இடம் ஏது?

மொழி பற்றி ஒன்று. விரிவுரை தமிழில், பரீட்சையைப் பலர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். இரு மொழிச் சொற்பட்டியல் தருகிறார்கள், அது உதவும். இந்தியத் தமிழ் நூல்களைத் துணைக்கு வைத்துக்கொள்பவர்கள் கவனிக்கவேண்டும்: அங்கே ரொக்க இருப்பு விகிதம் என்பது இங்கே நியதி ஒதுக்கு விகிதம், அங்கே கடன்பத்திரம் என்பது இங்கே முறி. விடைத்தாளில் இரண்டையும் கலந்து எழுதினால் திருத்துபவருக்கு நீங்கள் இரண்டு வேறு விடயம் சொல்வதாகத் தெரியும்.

வகுப்பறை வசதி போதும், பின்வரிசைக்குப் பலகை தெரியாது. புல்மோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்கள் நேரத்துக்கு வந்து முன்வரிசையைப் பிடிப்பது நல்லது, ஏனென்றால் ஐந்தொகை முழுவதும் பலகையில்தான் நடக்கிறது.

கட்டணம் கட்டமுன் பத்தாம் வார ரியூட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓரிரவு கொள்கை வீதம் என்ற சொல் அதில் இருந்தால் புதுப்பித்துவிட்டார்கள், யோசிக்காமல் சேரலாம். இல்லாவிட்டாலும் சேரலாம், ஆனால் அந்த வாரத்துக்கு மட்டும் மத்திய வங்கியின் அண்மைய நாணயக் கொள்கை அறிக்கையைத் தமிழில் எடுத்துவைத்துக்கொண்டு போங்கள்.