அப்பாவுக்கு டயட்டீஷியன்: ஆஸ்பத்திரியிலா, வீட்டுக்கு வருபவரா?

அப்பாவுக்கு வயது 78, இருபது வருஷச் சர்க்கரை. தீபாவளிக்கு எடுத்த சட்டை பொங்கலுக்குள் தொளதொளத்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரி டயட்டீஷியனிடம் மூன்று மாதம், பிறகு வீட்டுக்கே வருகிறவரிடம் எட்டு மாதம். நான் இரண்டாமவர் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவெல்லாம் தெரிந்த கணக்குதான். அங்கே 300 ரூபாய், இங்கே 800. ஆட்டோவையும் அரைநாள் லீவையும் சேர்த்தால் சரிக்குச் சரி. வீடியோ காலிலும் ஒருமுறை பார்த்தோம். காது கேட்காமல் அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், அதோடு விட்டாச்சு.

சார்ட் எழுதின பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அச்சடித்த சார்ட் கொடுத்தார்கள். ராத்திரி இரண்டு சப்பாத்தி, ஒரு கப் சாலட், முளைகட்டிய பயறு. தப்பே இல்லை. ஆனால் அப்பாவின் கீழ்ப் பல்செட் ஆறு மாதமாக டம்ளர் தண்ணீரில் கிடந்தது. அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சார்ட் ஃபிரிட்ஜ் கதவிலேயே பழுத்துப்போனது.

வீட்டுக்கு வந்தவர் முதல்நாள் பேனாவையே எடுக்கவில்லை. "நீங்க சாப்பிடுங்கப்பா, சும்மா பார்த்துட்டிருக்கேன்" என்று எதிரே உட்கார்ந்துகொண்டார். அப்பா சப்பாத்தியின் நடுவை மட்டும் குருமாவில் ஊறவைத்துத் தின்றுவிட்டு ஓரத்தை ஒதுக்கினார். "ஏம்மா, இதை எவன் மெல்லுறது?"

அப்புறம் பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து அப்பாவின் கெண்டைக்காலை அளந்தார். 29 செ.மீ. 31-க்குக் கீழே என்றால் சத்துக்குறைவைச் சந்தேகப்பட வேண்டுமாம். எடை 52 கிலோ. இந்த வயதில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது வேண்டும், அதாவது 52 கிராம். ஒரு இட்லியில் சுமார் இரண்டு, ஒரு முட்டையில் ஆறு. அப்பாவோ ரசஞ்சாதம், மோர்சாதத்திலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் அடுப்பில் இருப்பதை வைத்தே மாற்றினார். காலையில் அவித்த முட்டை மசித்து, மதியம் குழைந்த சோற்றில் கெட்டிப்பருப்பு, சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் மசித்த சுண்டல். பல்செட்டைச் சரிசெய்ய பல் டாக்டரிடமும் அனுப்பினார். மூன்றாவது வாரமே முட்டை அலுத்துவிட்டது. அடுத்த விசிட்டில் அதை அடித்துவிட்டுச் சுறாப்புட்டு என்று எழுதினார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை இப்படி அடித்துத் திருத்துகிற ஆள் ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இப்போது எடை 55. கெண்டைக்கால் 30.5, இன்னும் 31-ஐத் தொடவில்லை.

இது அந்த ஒருவரின் கைராசியாகவும் இருக்கலாம். நியூட்ரிஷனிஸ்ட் என்று போர்டு மாட்டியவரெல்லாம் படித்தவரில்லை, 'ஆர்டி' (ரிஜிஸ்டர்டு டயட்டீஷியன்) பதிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் கிட்னி நன்றாக இருக்கிறது. அது கெட்டால் புரதக் கணக்கே வேறு. எங்களுக்கு அந்த அனுபவம் இல்லை. ஆனால் ஒவ்வொரு ரத்த ரிப்போர்ட்டிலும் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை முதலில் பார்ப்பது வீட்டுக்கு வருகிற டயட்டீஷியன்தான். "இது ஏறிச்சுன்னா என்னை நம்பி இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க" என்று சொல்லிவைத்திருக்கிறார்.