ரோஸ் ஹில்லில் ஒரு கணினிப் பழுதுபார்ப்பகம்: புராசசர் மாற்றிய பின் காணாமற்போன வீட்டுச் சர்வர்

கைப்பேசித் திரையை மாற்றவும் மடிக்கணினியில் விண்டோஸ் நிறுவவும் மொரீசியசில் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் நான்கு ஹார்டு டிஸ்குகளை இசட்.எஃப்.எஸ். என்னும் சேமிப்பு முறையில் ஒரே தொகுப்பாகக் கட்டி வைத்திருக்கும் சேமிப்புச் சர்வரைத் திறந்து பார்த்து, உள்ளிருக்கும் தரவுக்கு ஊறு நேராமல் கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. அப்படிப்பட்ட ஒருவர் ரோஸ் ஹில் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஒரு சிறு கடை நடத்துகிறார். அவர் விளம்பரத்தை விரும்பாததால் பெயரைக் குறிப்பிடாமல், அவர் வேலை செய்த முறையை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கியூர்பிப்பில் எங்கள் வீட்டில் இருக்கும் அந்தச் சர்வரில் குடும்பத்தின் பழைய ஒளிப்படங்களும், தைப்பூசக் காவடிக் காலத்தில் கோயில் பெரியவர்கள் பாடிய பாடல்களின் ஒலிப்பதிவுகளும், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகத்திலிருந்து பெற்ற முன்னோர் பதிவுகளின் நகல்களும் உள்ளன. அதில் இருந்தது 2017இல் வெளிவந்த ரைசன் 5 1600 புராசசர். அந்தப் புராசசரில் கிராஃபிக்ஸ் வசதி கிடையாது என்பதால், திரையில் படம் வருவதற்காகவே ஒரு தனிக் கார்டு ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. 2021இல் கடைகளுக்கு வந்த ரைசன் 5 5600ஜி மதர்போர்டில் புராசசரைச் செருகும் அதே ஏஎம்4 சாக்கெட்டில் பொருந்துவது, அதே 65 வாட் வரம்புடையது, கிராஃபிக்சைத் தன்னுள்ளேயே கொண்டது. ஆகவே கார்டைக் கழற்றிவிடலாம், வீடியோக்களைத் தொலைக்காட்சிக்கு ஏற்ற வடிவில் மாற்றும் வேலையையும் அதனிடமே விடலாம். கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாசின் பழைய பதிப்புக்குப் புதிய புராசசரை அடையாளம் தெரியாது என்பதால், பழையது பொருத்தியிருந்தபோதே பயாசைப் புதுப்பித்து, அதன் பிறகே மாற்றம் செய்யப்பட்டது. விசிறி சுழன்றது, டிஸ்குகள் ஓடும் ஒலி கேட்டது, ஆனால் வீட்டு நெட்வொர்க்கில் சர்வர் தென்படவே இல்லை.

முதலில் காட்டிய வேறொரு கடையில், மதர்போர்டு போய்விட்டது என்றும் டிஸ்குகளை ஃபார்மட் செய்துதான் சோதிக்க முடியும் என்றும் சொன்னார்கள். நெட்வொர்க்கில் தெரியவில்லை என்ற ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு, ஒரு திரையைக்கூட இணைத்துப் பார்க்காமல், தரவை அழிக்கச் சொல்லும் யோசனை எவ்வளவு ஆபத்தானது என்பதை இதைப் படிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ரோஸ் ஹில் கடைக்காரர் பெட்டியைத் திறந்தவுடன் செய்த முதல் வேலை, நான்கு டிஸ்குகளின் கேபிள்களையும் பிடுங்கியதுதான். எந்த டிஸ்க் எந்தக் கேபிளில், எந்த இணைப்பில் இருந்தது என்று ஒட்டுத்தாளில் எண்ணிட்டுவிட்டு, இயந்திரம் நலமாக இருக்கிறது என்று உறுதிப்படும்வரை ஒரு டிஸ்குக்கும் மின்சாரம் கொடுக்கப் போவதில்லை என்றார். இசட்.எஃப்.எஸ். தன் அடையாளத்தை ஒவ்வொரு டிஸ்கிலும் எழுதி வைப்பதால், எதை எங்கே செருகினாலும் அது தொகுப்பைக் கண்டுகொள்ளும். அந்த எண்கள் அதற்காக அல்ல, பின்னால் ஏதேனும் கேபிளைச் சந்தேகிக்க நேர்ந்தால் தடம் தெரிய வேண்டும் என்பதற்காக. கெட்டுப்போன ரேம் வழியாகத் தவறான தரவு டிஸ்கில் எழுதப்பட்டுவிட்டால் அதை எந்தத் தொகுப்பு முறையாலும் முழுமையாக மீட்க முடியாது என்பதால், இந்த வரிசைதான் சரி.

ஏஎம்4 புராசசரின் அடிப்பகுதியில் 1331 ஊசிகள் உள்ளன. வெப்பப் பசை இறுகிப்போயிருந்தால், கூலரைத் தூக்கும்போது புராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வந்துவிடும். ஓர் ஊசி வளைந்தாலும் சில வேளைகளில் பாதி ரேம் கணக்கில் வராமல் போகும். அவர் ஊசிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், இரண்டு ரேம் கட்டைகளும் முழு அளவில் தெரிகின்றனவா என்று பார்த்தார், பிறகு மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டார். பிழை எதுவும் இல்லை.

உண்மையான காரணம் திரையை இணைத்ததும் வெளிப்பட்டது. சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் எந்தச் சிக்கலுமின்றி ஏறி நின்றுகொண்டிருந்தது. லினக்ஸ் ஒரு நெட்வொர்க் இணைப்புக்குப் பெயர் சூட்டும்போது, அது கார்டுகளும் உட்சாதனங்களும் இணையும் பி.சி.ஐ. வழித்தடத்தில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டே பொதுவாகச் சூட்டுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு நீங்கி, புராசசரின் உட்சாதனங்களும் மாறியதால் அந்த எண்வரிசை நகர்ந்து, இணைப்பின் பெயரும் மாறிவிட்டது. நெட்வொர்க்கில் சர்வரைக் கண்டுகொள்ள உதவும் ஐ.பி. முகவரியோ பழைய பெயருக்கே எழுதி வைக்கப்பட்டிருந்தது. தெருவில் கதவிலக்கங்களை மாற்றிவிட்டுத் தபால்காரரிடம் சொல்லாமல் விட்டதைப் போன்ற நிலை இது. பெயரை நம்பியிருந்த அமைப்பை, அட்டையிலேயே பதிந்திருக்கும் மேக் முகவரியோடு பிணைத்து அவர் திருத்தி எழுதினார். இனி கார்டுகளை எவ்வளவு மாற்றினாலும் இதே சிக்கல் திரும்ப வராது. போய்விட்டது என்று சொல்லப்பட்ட போர்டில் பழுது எதுவும் இருக்கவில்லை.

அத்தோடு பெட்டியை மூடிக் கொடுத்திருக்கலாம். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்வார்கள். அவர் டிஸ்குகளை இணைத்துத் தொகுப்பை ஏற்றி, ஸ்க்ரப் எனப்படும் முழுச் சரிபார்ப்பை ஓட்டினார். ஒரு டிஸ்கில் செக்சம் பிழைகள், அதாவது எழுதிய தரவும் படித்த தரவும் ஒத்துப்போகாத பிழைகள், தோன்றின. டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவில் பழுதான பகுதிகளைக் காட்டும் 5, 197 ஆகிய வரிகள் பூஜ்யத்தில் இருந்தன. கேபிள் வழியில் நேரும் பிழைகளை எண்ணும் 199ஆம் வரி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த எண் ஒருபோதும் இறங்காது, ஆகவே அது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட இன்னும் ஏறுகிறதா என்பதே முக்கியம் என்று விளக்கினார். பக்கத்து டிஸ்கின் கேபிளோடு அதை மாற்றிப் போட்டபோது ஏற்றமும் பக்கத்து டிஸ்குக்குப் போனது. குற்றவாளி கேபிள்தான், கூலரைக் கழற்றும்போது இழுபட்டிருக்கக்கூடும். புதிய கேபிளுடன் ஓடிய ஸ்க்ரப், பிழைபட்ட பகுதிகளை மற்ற டிஸ்குகளிலிருந்து மீட்டுச் சரிசெய்துவிட்டது. நல்ல டிஸ்க் ஒன்றைத் தூக்கி எறிய வைக்காத இந்தப் பொறுமைக்காகவே நான் இந்தக் கடையைப் பரிந்துரைக்கிறேன்.

புராசசரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் சர்வரில் இருப்பது பிழைதிருத்தும் இ.சி.சி. வகை ரேம். ரைசன் 5 1600, போர்டு இடம்கொடுத்தால் அதைப் பயன்படுத்தும், 5600ஜி பயன்படுத்தாது. ரேம் வேலை செய்யும், எச்சரிக்கை எதுவும் வராது, பாதுகாப்பு மட்டும் ஓசையின்றி நீங்கியிருக்கும். நான் கேட்காமலேயே கடைக்காரர் இதைக் கவனித்துச் சொன்னார். உட்பொதிந்த கிராஃபிக்சும் இ.சி.சி.யும் இரண்டும் வேண்டுமென்றால் ரைசன் 5 புரோ 5650ஜி வாங்க வேண்டும். அது பெரும்பாலும் கணினித் தயாரிப்பாளர்களுக்கே விற்கப்படுவதால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். திரைப்படங்களையும் இசையையும் வைத்திருப்பவர்களுக்கு 5600ஜி நிறைவான தேர்வு. மறுபடி பதிவு செய்ய இயலாத குரல்களைப் பேரப்பிள்ளைகளுக்காகக் காத்து வைப்பவர்களுக்கு அது போதாது என்பதே என் முடிவு. புரோ வகைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பயாசைப் புதுப்பித்ததால் அதன் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பியிருந்ததையும், மின்சாரம் போய் வந்தால் சர்வர் தானே எழும் அமைப்பு அணைந்திருந்ததையும் அவர் சரிசெய்தார். புயல் காலத்தில் மின்வெட்டு நேரும் இத்தீவில் இது சிறிய விஷயமன்று.

குறைகளும் உண்டு. வேலை மெதுவாகவே நடக்கும். இரவெல்லாம் ஓடும் சோதனைகளை அவசரப்படுத்த அவர் சம்மதிப்பதில்லை. தொலைபேசியை எடுப்பது அரிது. செய்த வேலையின் விவரத்தைக் கேட்டால்தான் எழுதித் தருகிறார், அதுவும் பிரெஞ்சில் கையெழுத்தாக. இ.சி.சி. ரேம் கடையில் இருப்பில்லை. சோதனைக் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். மொத்தச் செலவு ஒரு புதிய மதர்போர்டின் விலையில் சிறு பங்குதான். போகிறவர்கள் கழற்றிய பழைய புராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். புதிய புராசசர் மீது ஐயம் எழுந்தால் பழையதைப் பொருத்தி ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு அவை தேவைப்படும்.