'இல்லாள்' வேரைத் தேட உதவுமா? இணையத்தில் தமிழ்ப் பேரகராதி: ஒரு மதிப்பீடு

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பின்னிணைப்பாகவும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதைச் சோதிக்க 'இல்லாள்' நல்ல உரைகல். 'இல்லத்தை ஆள்பவள்' என்று மேடைதோறும் விளக்கம் சொல்லப்படும் சொல் இது.

தமிழ் எழுத்திலேயே தட்டலாம். ஆனால் உருபைக் கழற்றிவிட்டுத் தட்ட வேண்டும். குறளில் உள்ளபடி 'இல்லாள்கண்', 'இல்லாளின்' என்று இட்டால் தலைச்சொல் கிடைக்காது. வினைச்சொற்கள் 'ஆள்(ளு)-தல்' என்ற வடிவில் அச்சாகியிருப்பதால் அவற்றுக்குப் பகுதியை மட்டும் இடுவதே வழி.

இந்த அகராதியின் பெரும் பலம், ஒரே வடிவில் வரும் வேறு வேறு சொற்களை எண்ணிட்டுப் பிரித்து வைத்திருப்பது. வீட்டைக் குறிக்கும் 'இல்' வேறு, இன்மையைக் குறிக்கும் 'இல்' வேறு. நல்வழியின் 'இல்லானை இல்லாளும் வேண்டாள்' என்ற அடியில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன: முன்னது ஒன்றும் இல்லாதவன், பின்னது வீட்டுக்காரி. பிரித்துப் பார்க்காதவர் இங்கே தடுக்கி விழுவார்.

சறுக்குவது சொற்பிறப்பு வரியில். இடத்தை மிச்சப்படுத்த, வேர் முந்தைய சொல்லினுடையதே என்றால் 'மேற்படி' என்று பொருள்படும் லத்தீன் சுருக்கத்தைப் போட்டுவிடுகிறார்கள். அச்சுப் பக்கத்தில் கண்ணை மேலே ஓட்டினால் போதும். தேடலில் ஒற்றைப் பதிவு மட்டும் வந்தால் எதன் மேற்படி என்றே தெரியாது. பக்க எண்ணைச் சொடுக்கி முழுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

இனி அந்த 'ஆள்பவள்' விளக்கம். 52ஆம் குறளில் 'இல்லாள்', அடுத்த குறளிலேயே 'இல்லவள்'. நல்லாள், நல்லவள் என்பது போன்ற இணை இது. நல்லாள் எதையும் ஆள்பவள் அல்லள்; அங்கே 'ஆள்' வெறும் பெண்பால் ஈறு. தெலுங்கிலும் இல்லு வீடு, இல்லாலு மனைவி. ஆலு தனியே நின்றாலும் மனைவிதான். ஆகவே 'இல்லுக்கு உரியவள்' என்பதே வலுவான பொருள். ஆளுகையைத் தேடுகிறவர்கள் 'மனையாட்டி'யைப் பார்க்கட்டும். மணவாளன், மணவாட்டி என்பதுபோல 'ஆளன்' என்பதற்குப் பெண்பால் 'ஆட்டி'. பெண்டாட்டி என்று அன்றாடம் சொல்கிறோமே, அதிலும் அந்த ஆட்டி இருக்கிறது. பேரகராதி இந்தச் சொற்களை ஒன்றோடொன்று கோத்துக் காட்டாது. அகரவரிசைப்படி தனித்தனியே கிடக்கும், நாம்தான் தேடிச் சேர்க்க வேண்டும். அதே தளத்தில் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984 பதிப்பும் இருக்கிறது. இனமொழிச் சொற்களை ஒரே இடத்தில் பார்க்க அதையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

மேற்கோள் இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள். பொருளுக்குப் பின் அடைப்புக்குள் நூற்பெயரும் எண்ணும் இருந்தால் அந்தப் பாட்டையே எடுத்துப் படிக்கலாம். 1039ஆம் குறளில் 'கிழவன்' வராவிட்டால் நிலம் இல்லாளைப் போல ஊடும் என்று வருகிறது. இன்றைய பொருளில் முதியவர் என்று படித்தால் குறளே கெட்டுப்போகும். கிழமை என்றால் உரிமை. கிழவன் நிலத்துக்கு உரியவன், மனைக்கிழத்தி மனைக்கு உரியவள். அடைப்புக்குள் நூற்பெயர் இல்லாமல் ஆங்கில 'டபிள்யூ' மட்டும் இருந்தால் அது 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியிலிருந்து எடுத்த பொருள். இலக்கியச் சான்றுள்ள பொருளுக்குச் சமமாக அதை வைக்க வேண்டாம்.

1939க்குப் பிந்தைய வழக்கு இதில் இருக்காது. 'இல்லத்தரசி' இன்று எந்தப் பொருளில், எந்தத் தொனியில் வழங்குகிறது என்று அறிய விரும்புவோர் கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதிக்குத்தான் போக வேண்டும்; 1992இல் முதலில் வந்தது, 2020இல் மூன்றாம் பதிப்பு கண்டது.