ஏழு ஆண்டுகளாகக் கடன் அறிக்கை பார்க்கிறேன்: இன்னும் ஆறாத ஒரு 590 ரூபாய்

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கவிருக்கும் நண்பர் ஒருவர், "சிபில் அறிக்கையில் என் சம்பளம், வைப்புத்தொகை எல்லாம் தெரியுமா?" என்று சென்ற வாரம் கேட்டார். நம் கடன் விவரங்களை வங்கிகளிடமிருந்து திரட்டி அறிக்கையாகத் தரும் நிறுவனங்களில் ஒன்றுதான் சிபில். 2018 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் என் அறிக்கையை இறக்கி வரிவரியாகப் படிப்பவன் நான் என்பது அவருக்குத் தெரியும். வங்கி இருப்பும் வைப்புத்தொகையும் மனையும் அதில் இடம்பெறுவதில்லை. கடன் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த வருமானம் வேலை விவரப் பகுதியில் சில நேரம் வரலாம். மற்றபடி வாங்கிய கடனும், அதைத் திருப்பிய விதமும், யார் யாரிடம் கடன் கேட்டோம் என்பதும்தான் அறிக்கை என்று சொன்னேன்.

எல்லோரும் அறிக்கையில் வரும் 300 முதல் 900 வரையிலான கடன் மதிப்பெண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முக்கியமானவை ஒவ்வொரு கணக்கின் கீழும் 36 மாதங்களுக்கு நீளும் சிறு கட்டங்கள். தவணையை உரிய நாளில் கட்டிய மாதத்தில் 000 இருக்கும்; தாமதித்திருந்தால் எத்தனை நாள் தாமதமோ அந்த எண் இருக்கும்; தகவல் வராத மாதத்தில் மூன்று எக்ஸ் இருக்கும். என் இருசக்கர வாகனக் கடனின் கீழே வரிசையாக நின்ற 000களை முதன்முதலில் பார்த்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். மனைவியின் அறிக்கையில், திருப்பித் திருப்பி அடகு வைத்த ஒரே சங்கிலி ஒவ்வொரு முறையும் தனித்தனி நகைக்கடனாகப் பதிவாகியிருந்ததும் எங்களுக்குப் புதிய செய்தி.

2023 ஜனவரியில்தான் அந்த மகிழ்ச்சி கெட்டது. 2021இல் தொலைபேசியில் சொல்லி முடித்துவிட்டதாக நான் நம்பிய கடன் அட்டை, அறிக்கையில் உயிரோடு இருந்தது. ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய், ஜிஎஸ்டி 90 ரூபாய் என்று 590இல் தொடங்கிய நிலுவை, வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து வளர்ந்திருந்தது. கட்டங்களில் 030, 061, 091 என்று எண்கள் ஏறிக்கொண்டே போயின. முகவரிப் பகுதியைப் பார்த்தபோது காரணம் புரிந்தது: நாங்கள் காலி செய்துவிட்ட வாடகை வீட்டின் முகவரிதான் அந்த வங்கியிடம் இன்னும் இருந்தது, பில்கள் எல்லாம் அங்கே போயிருக்கின்றன.

இணையத்தில் ஆட்சேபம் பதிவு செய்தேன். அறிக்கை தயாரிக்கும் நிறுவனம் தானாக ஓர் எண்ணைக்கூட மாற்றாது, கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் திருத்தம் என்பதை அப்போதுதான் அறிந்தேன். மூன்று வாரம் கழித்து "விவரம் சரியானதே" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பிறகு வங்கியிலிருந்து அழைத்தவர், "பாதித் தொகை கட்டுங்கள் சார், செட்டில் செய்துவிடலாம்" என்றார். அதற்கு நான் இணங்கியிருந்தால் அந்தக் கணக்கு 'முடிந்தது' என்று பதிவாகாமல் 'செட்டில்டு' என்று பதிவாகியிருக்கும். முழுத் தொகையையும் கட்டாதவர் என்ற பொருளில் அடுத்த வங்கி அதைப் படிக்கும். மறுத்துவிட்டு, அட்டையை முடிக்கச் சொன்ன அழைப்பின் கோரிக்கை எண்ணோடு வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். கட்டணத்தை நீக்கி, நிலுவையில்லை என்று சான்று கொடுத்தார்கள். அதற்குள் ஐந்து மாதம் ஓடியிருந்தது. 30 நாளுக்குள் புகார் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. எனக்கு அது உதவவில்லை.

நியாயமாகச் சொன்னால், அறிக்கை தனக்கு அனுப்பப்பட்டதைத்தான் காட்டியது. அதைப் பார்த்திராவிட்டால் அந்த நிலுவை இன்றும் எனக்குத் தெரிந்திருக்காது. நம் கடன்களைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்லும் ஆவணம் வேறு இல்லை. ஆனாலும் நம்பலாம் என்று நண்பரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. நான்கையும் இறக்கிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இந்த ஜனவரியில் மூன்று அறிக்கைகளில் என் அட்டை முடிந்த கணக்காக இருக்கிறது. நான்காவதில் அந்த நிலுவை அப்படியே நிற்கிறது. நேற்று மறுபடியும் ஆட்சேபம் பதிவு செய்தேன்.