முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி: 3 மழைக்கால அனுபவம்

கொல்லையில் கிணற்றடியை ஒட்டி ஒரு முருங்கை. ஐப்பசி மழை பிடித்தால் போதும், கம்பளிப்பூச்சி வந்துவிடும். துணி காயப்போடும் கொடியும் அந்தப் பக்கம்தான். முதல் வருடம் பனியனில் ஒட்டியிருந்த முடி என் முதுகைப் பதம் பார்த்தது. சொறியாமல் செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தால் முடி கையோடு வந்துவிடும் என்பது அன்று கற்றது.

கீரை பறிக்கிற மரம் என்பதால் ரசாயன மருந்து வேண்டாம் என்று முடிவு.

அம்மாவின் வழி தீப்பந்தம். பகலில் இந்தப் புழுக்கள் அடிமரத்தில் கம்பளித் துண்டை ஒட்டினாற்போல் கும்பலாகக் கிடக்கும், இரவில் ஏறி இலையைத் தின்னும். பந்தத்தைக் காட்டினால் பொலபொலவென்று உதிர்வது உண்மைதான். ஆனால் பட்டையும் கருகியது, எனக்கு இருமலும் வந்தது.

அப்புறம் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி. சோப்பு கலக்காவிட்டால் எண்ணெய் மேலேயே மிதக்கும். முதல் தடவை அப்படித்தான் வீணடித்தேன். குட்டிப் புழுக்கள் தின்பது குறைந்தது. விரல் நீளம் வளர்ந்தவை கண்டுகொள்ளவே இல்லை.

இரண்டாம் வருடம் பி.டி. பவுடர். பேசில்லஸ் துரிஞ்ஜியன்சிஸ் என்ற பாக்டீரியா அது. புழு தின்றால்தான் வேலை செய்யும். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம் அடித்தேன். மறுநாளே தின்பதை நிறுத்தின, 3 நாளில் கறுத்துத் தொங்கின. பூவுக்கு வரும் தேனீக்கள் பாட்டுக்கு வந்துபோயின. மீதியை ஓட்டுக் கொட்டகையில் வைத்திருந்து அடுத்த வருடம் அடித்தால், பச்சைத் தண்ணீர் அடித்த மாதிரி! சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள்.

இப்போது எனக்குக் கைகொடுப்பது வெறும் வாளிதான். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, நீளக் கம்பில் கட்டிய பழைய துடைப்பத்தால் கும்பலை அப்படியே வாளிக்குள் தள்ளிவிடுகிறேன். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, கழுத்தைச் சுற்றித் துண்டு. காற்று முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் முடியெல்லாம் நம் மூஞ்சிக்குத்தான்.

கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும் என்பதால் சித்திரையில் மரத்தடியைக் கொத்திவிட்டேன். மைனாக்கள் சுற்றிச் சுற்றிப் பொறுக்கின. இந்த மழைக்கு 2 கும்பல்தான் வந்தது. அது கொத்தியதாலா, மழை குறைந்ததாலா, சொல்லத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு முருங்கையில் 5 கும்பல் இருக்கிறது. அந்த அக்கா நாளைக்கு வாளியும் துடைப்பமும் கேட்டிருக்கிறார்.